காலிக் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்

கொழும்பிலிருந்து தெற்குக்குச் சுற்றுலா கிளம்பும் நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. காலிக் கோட்டை மதிலில் நாலு படம், உனவட்டுனையில் ஒரு குளிப்பு, அதிவேகப் பாதையில் ஏறி இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தை. மாத்தறை என்றால் கதிர்காமம் போகும் வழியில் பிளேன்டீக்கு நிறுத்தும் இடம், அவ்வளவுதான். "அங்கே நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கான பதில் மாத்தறையில்கூட இல்லை, கொழும்பு 7இல், தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

அங்கே ஐந்து அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஒரு கற்பலகை. மேலே இரண்டு டிராகன்கள் எதிரெதிரே. வலப்பக்கம் முழுக்கச் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது, அதில் உள்ள தேதி 1409. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பக்கம், தமிழ்ப் பகுதி தெனாவரை என்ற ஊரின் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாரை. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்று தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காணிக்கை, யாருக்கும் மனவருத்தம் வராதபடி. எவ்வளவு கெட்டிக்கார ராஜதந்திரம் பாருங்கள்! அப்புறம் அந்தக் கல்லைக் காலியில் யாரோ தெருவோர மதகுக்கு மூடியாகப் போட்டுவிட்டார்கள். 1911இல் ஒரு பொறியியலாளர் கண்ணில் பட்டிராவிட்டால் இன்றும் அதன்மேல் வண்டிதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தெனாவரை எங்கே? மாத்தறை நகரிலிருந்து ஆறு கிலோமீட்டர் அளவில், தெவிநுவர. நாம் தேவேந்திரமுனை என்கிறோம், பழைய ஆட்கள் தொண்டீஸ்வரம் என்று, இலங்கையின் பழைய சிவன் கோயில்கள் ஐந்தான பஞ்ச ஈச்சரங்களில் சேர்த்துச் சொல்வார்கள். 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா வந்தபோது பெரிய கோயில், ஆயிரம் பிராமணரும் யோகிகளும், இரவெல்லாம் பாடி ஆடும் ஐந்நூறு பெண்கள், ஆள் உயரப் பொற்சிலைக்குக் கண்ணாக இரண்டு மாணிக்கக் கற்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். பயணக் கதைக்காரர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது சின்ன ஊர்க் கோயில் இல்லை.

1588இல் அது போனது, அதுவும் கொழும்பினால் போனது. சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் அப்போது போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் படையைத் திசைதிருப்ப அவர்கள் கப்பலில் தெற்குக் கரைக்குப் போய் ஊர் ஊராக எரித்தார்கள். தெவிநுவரவில் சிலைகளை உடைத்து, தேரைக் கொளுத்தி, முற்றத்தில் பசுவை வெட்டியதாக அவர்களுடைய எழுத்தாளர்களே பெருமையாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். இன்று கொழும்பு கோட்டையில் வங்கி வேலைக்குப் போய்வரும் யாருக்கும், இந்த இடத்தைக் காப்பாற்றத்தான் ஒரு கோயில் நகரம் பலியானது என்று தோன்றாது. எனக்கும் வாசிக்கும் வரை தோன்றவில்லை.

இப்போது அங்கே போனால் நீல நிறத்தில் விஷ்ணு தேவாலயம், பௌத்த விகாரை, நெடிய புத்தர் சிலை, ஆடி மாதப் பெரஹரா ஊர்வலத்துக்கு ஊரே திரளும் பெரிய வெளி. இடம் செத்துப்போகவில்லை, பூத்தட்டோடு வருகிற கூட்டம் இன்றும் குறையவில்லை. நான் சொல்ல வருவது அதற்குச் சற்றுத் தள்ளி மேட்டில் இருக்கும் கல்கே. சிங்களத்தில் கல்வீடு என்று பொருள், த்ரீவீல்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். சின்னக் கட்டடம். சுவரும் கல், கூரையும் கல், அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். சுவரை ஒட்டி நின்று பாருங்கள், ஒரு கல்லின் விளிம்பு அடுத்த கல்லின்மேல் எவ்வளவு நேராக உட்கார்ந்திருக்கிறது என்று. வெயில் பன்னிரண்டு மணிக்கு மண்டையைப் பிளந்தாலும் உள்ளே குளிர்ச்சி. அலங்காரம் நிறைந்த எதையும்விட இது எனக்குப் பிடிக்கும், ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அங்கிருந்து முனைக்குப் போனால் வெளிச்சவீடு, 49 மீற்றர், 1890இல் ஏற்றிவைத்தது, இலங்கையின் தென்கோடி. படம் எடுக்க நல்ல இடம். அதற்குமேல் அதைப்பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல இல்லை.

மாத்தறை நகரில் பெரிய கோட்டையைவிட, கொழும்பிலிருந்து வரும்போது நில்வளா ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நட்சத்திரக் கோட்டையைப் பாருங்கள். ஆறு முனை, சுற்றி அகழி, மொத்தமே ஒரு பெரிய வளவு அளவுதான். இதை ஒல்லாந்தர் கட்டியது பயத்தில். 1761இல் மாத்தறைப் பக்கத்து மக்கள் கண்டி அரசன் ஆதரவோடு கிளம்பிப் பெரிய கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். பெரிய கோட்டைக்குக் கடலும் ஆறும் காவல், தரைப்பக்கம்தான் பலவீனம் என்பது ஒல்லாந்தருக்கு அடிபட்ட பிறகுதான் உறைத்தது. திரும்பப் பிடித்த கையோடு இதைக் கட்டி, வாசலில் ஆளுநர் வான் எக்கின் பெயரையும் சின்னத்தையும் 1765 என்ற ஆண்டையும் பொறித்தார்கள். அந்த வாசல் வளைவு அவ்வளவு ஆடம்பரம், உள்ளே போனால் ஒரு கிணறும் தடித்த சுவர்களும்தான். சண்டைக்கு வேலையே வரவில்லை, 1796இல் ஆங்கிலேயர் வந்து எடுத்துக்கொண்டார்கள், பிற்காலத்தில் நூலகமாகவும் இருந்தது. கோட்டைக்கு இதைவிட நல்ல பிழைப்பு உண்டா?

நேரம் இருந்தால் நூப்பேயில் 1784ஆம் ஆண்டு ஒல்லாந்தர் சந்தைக் கட்டடமும் இருக்கிறது, மேலே இருந்து பார்த்தால் ஆங்கில டீ எழுத்து வடிவம், தூண்கள் வரிசையாக. தங்காலையில் ஒல்லாந்தர் கோட்டை பிற்காலத்தில் சிறைச்சாலையானது, அப்படி உள்ளே போகும் யோகம் யாருக்கும் வேண்டாம்.

கொழும்பு கோட்டையில் காலை ரயிலைப் பிடித்து இடப்பக்கம் விட்டுக் கடல் இருக்கும் வலப்பக்கம் உட்காருங்கள். முந்தைய வாரமே நூதனசாலைக்குப் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. தமிழ் எழுத்தை இடப்பக்கம் மேலே தேடச் சொல்லுங்கள், தேய்ந்திருக்கிறது, நாங்கள் வாசிக்கும் எழுத்துப் போலவும் இல்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும். தெவிநுவர தேவாலயத்துக்குள் போவதென்றால் முழங்கால் மறைகிற உடுப்பு போடுங்கள், தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம்.