எச்பிஏ1சி 6.9, நள்ளிரவில் 52

மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ரேங்க் கார்டைப் போலப் பார்க்கப்பட்டது எச்பிஏ1சி சோதனைதான். கடைசி மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை அது. ஒன்பது வயதில் அவளுக்கு அது 6.9 என்று வந்ததும் ஊரிலிருந்த பெரியவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னோம்.

மருத்துவர் முகத்தில் மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை. "காலையில் தலைவலி என்கிறாளா? தூக்கத்தில் வியர்க்கிறதா?" என்று கேட்டார். இரண்டுமே அவ்வப்போது உண்டு. ஆனால் மதுரை வெயிலில் வியர்க்காத குழந்தை ஏது?

அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எச்பிஏ1சி 7 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 154. நாள் முழுவதும் 154-ஐ ஒட்டியே இருக்கும் குழந்தைக்கும் 7 வரும். 50-க்கும் 280-க்கும் இடையில் அல்லாடும் குழந்தைக்கும் 7 வரும். எத்தனை நேரம் 70-க்குக் கீழே, அதாவது தாழ்வான சர்க்கரையில், கிடந்தது என்பதை அந்த எண் சொல்லாது. தாழ்வுகள் சராசரியைக் கீழே இழுப்பதால் ரிப்போர்ட் அழகாகக்கூடத் தெரியும்.

மேல்கையின் பின்புறம் ஒட்டும் சென்சாரைப் பொருத்தினார்கள். நாணய அளவுதான் இருந்தது. 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிந்துகொள்ளும், 14 நாள் ஓடும். பதிவை மருத்துவமனைக் கருவியில் மட்டுமே பார்க்க முடியும் என்பதால் வீட்டில் விரல் குத்துவது வழக்கம்போலத் தொடர்ந்தது. சாப்பாடு, ஊசி, விளையாட்டு எல்லாவற்றையும் நேரத்தோடு நோட்டில் எழுதச் சொன்னார்கள். இந்த நோட்டு இல்லாவிட்டால் வரைபடம் வெறும் கோடுதான். என் மனைவி அதில் சிலம்ப வகுப்பு நாட்களைக்கூடக் குறித்துவைத்தாள். பின்னால் அதுதான் பெரிதும் உதவியது.

சில இரவுகளில் இரண்டு மணிக்கு எழுந்து விரலிலும் சோதிக்க வேண்டியிருந்தது. சென்சார் உள்ள கை அழுந்தும்படி ஒருக்களித்துப் படுத்தால், சர்க்கரை இறங்காமலே இறங்கியதாகக் காட்டுமாம். விரல் சோதனையிலும் ஒரு சங்கதி உண்டு. மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் குத்தினால் பொய்யான உயர்வு காட்டும். ஸ்பிரிட் பஞ்சைவிடச் சோப்பும் தண்ணீரும் மேல் என்றார் செவிலியர்.

அப்படி எழுந்த ஓர் இரவில் மீட்டர் 52 காட்டியது. குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் இறங்கினால் கை நடுங்கும், "அப்பா, பசிக்கிறது" என்று ஓடிவருவாள். தூக்கத்தில் எந்த அறிகுறியும் இல்லை. எழுப்பி உட்காரவைத்துக் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுத்தோம். எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் கணக்கு. 25 கிலோ குழந்தைக்கு ஏழெட்டு கிராம். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தியபோது 81. அதற்குப் பிறகு எங்களுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சென்சார் ரிப்போர்ட்டில் முதலில் 70-க்குக் கீழே இருந்த நேரத்தைத்தான் மருத்துவர் பார்த்தார். அது 4 சதவீதத்துக்குள், அதாவது நாளில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். 54-க்குக் கீழே 1 சதவீதத்தைத் தொடக் கூடாது. அது கால் மணி நேரம்தான். அதற்குப் பிறகே 70 முதல் 180 வரை இருந்த நேரம். அது 70 சதவீதத்தைத் தாண்டினால் நல்லது. எங்களுக்கு 70-க்குக் கீழே 9 சதவீதம், அதில் 54-க்குக் கீழே மட்டும் 3. பெரும்பகுதி நள்ளிரவுக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் இடையில். சிலம்பம் ஆடிய நாட்களில் பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தது. மாலையில் உடல் உழைத்தால் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கும் என்பது அந்தக் கோட்டில் அப்படியே தெரிந்தது.

காரணம், இரவுச் சாப்பாட்டோடு போட்ட என்பிஎச் இன்சுலின். போட்ட சில மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும். எட்டு மணிக்குப் போட்டால் உச்சம் நடுநிசியில். விடிவதற்குள் அதன் வேகம் தணிந்துவிடுவதால் காலைச் சோதனையில் 120 என்று ஒழுங்காக வரும். நாங்கள் நம்பியிருந்தது அந்த 120-ஐத்தான்.

அதற்குப் பதிலாக, உச்சம் அதிகமில்லாத கிளார்ஜின் என்ற இன்சுலினுக்கு மாற்றினார்கள். சிலம்ப நாட்களில் அளவைக் கொஞ்சம் குறைத்து, படுக்கும்முன் சிற்றுண்டியும் சேர்த்தார்கள். அடுத்த சென்சாரில் 70-க்குக் கீழே இருந்த நேரம் 3 சதவீதம் ஆனது. எச்பிஏ1சி 7.2-க்கு ஏறியது. "கூடிவிட்டதே!" என்று என் மாமியார் கலங்கினார். மருத்துவருக்கோ இந்த 7.2 தான் பிடித்திருந்தது. பகல் உயர்வுகளை இனிமேல் பயமில்லாமல் குறைக்கலாம் என்றார். இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. காலை இட்லிக்கு முன் போடும் ஊசியின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்கிறோம்.

இன்சுலினை மாற்றும் பெற்றோருக்கு ஒன்று. பழைய என்பிஎச் பாட்டில் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மருந்துக் கடையில் எங்களுக்கு முதலில் எடுத்துக் கொடுத்தது சிவப்பைத்தான். கவுன்டரிலேயே மாற்றி வாங்கினோம். வீட்டில் மிச்சமிருந்த சிவப்பு சிரிஞ்சுகளையும் அன்றைக்கே மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டேன்.