நார் போக்கில் அறுக்க ஒரு ரம்பம்

வேப்பம் பலகையை நீளவாக்கில் அறுக்கப் புது ரம்பம் வாங்கினேன். ஓரடி போவதற்குள் தோள் விட்டுப்போச்சு. பக்கத்துத் தெரு ஆசாரி பல்லைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது குறுக்கே அறுக்கிறது. ஒவ்வொரு பல்லும் கத்தி முனை மாதிரி இருக்கு பாருங்க. நார் போக்கில் போக உளி மாதிரி பல்லு வேணும்."

என்னுடையதில் அங்குலத்துக்கு 10 பல். அவருடையதில் 5. அதை வைத்து இழுத்தபோது மாவுத்தூளுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன நாராக விழுந்தது. அவ்வளவு சுகம்!

அப்புறம், பல் நுனி மட்டும் கருநீலமாக இருந்தால் கடினப்படுத்தியது. அரம் பிடிக்காது, மழுங்கினால் தூக்கிப்போட வேண்டியதுதான். முக்கோண அரத்தால் தீட்டிக்கொள்ளக்கூடிய 26 அங்குல ரம்பமாகப் பார்த்து வாங்குங்கள். கையை முழுசாக வீசி இழுக்கலாம்.