காயும் புங்க மரம்: அடிமரத்தைத் தோண்டிப் பார்த்தது

வேளச்சேரிப் பக்கம் எங்கள் தெருவில் வரிசையாக நான்கு புங்க மரங்கள் நிற்கின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் பழைய மரங்களைச் சாய்த்த பிறகு, மறு வருடம் நட்டவை. மூன்று மரங்கள் மாடி உயரத்துக்கு வந்துவிட்டன. எங்கள் கேட்டுக்கு எதிரே உள்ளது மட்டும் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. மரம் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு, படித்த படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த வருடம் என்னதான் ஆகிறது என்று பார்த்துவிட முடிவு செய்தேன்.

மார்ச்

புங்கன் மாசியில் இலை உதிர்க்கும், பங்குனியில் தளிர்விடும். பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் நல்ல மரமும் மொட்டையாகத்தான் இருக்கும். தளிர் வந்ததும் நான்கையும் ஒப்பிட்டேன். அதே சாதி, அதே வயது, அதே தெரு. இப்படி ஒப்பிட ஆள் கிடைப்பது பெரிய வசதி. மற்ற மூன்றிலும் உச்சிவரை பளபளவென்று இளம்பச்சை. இதில் கீழ்க்கிளைகளில் இலை சரியான அளவு, மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் வெறும் குச்சி. தெருப் பக்கம் இன்னும் மோசம். அடிமரத்திலிருந்து நீர்ப்போத்துகள், அதாவது நேராக எழும் இளங்குச்சிகள், கொத்துக் கொத்தாக வந்திருந்தன. பார்ப்பவர்கள் “நல்லாத் துளிர்க்குதே” என்றார்கள். மேலே தண்ணீர் ஏறாதபோது மரம் கீழேயே இலை விட்டுச் சமாளிக்கும். அதை ஆரோக்கியம் என்று சொல்ல முடியாது.

கைக்கு எட்டிய குச்சிகளை நகத்தால் சுரண்டினேன். பட்டைக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் போய்விட்டது. மொட்டைமாடியிலிருந்து எட்டிய உச்சிக் கிளையில் முழங்கை நீளத்துக்குப் பழுப்பு, அதற்குக் கீழே பச்சை. நுனியிலிருந்துதான் கீழே இறங்குகிறது.

மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் அதற்குள் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். “இலை பூரா கொப்புளம் கொப்புளமா இருக்கு பாரு தம்பி, மருந்து அடிச்சா சரியாப் போயிடும்.” இலையில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் முடிச்சுகளைக் காட்டினார். அவை கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் உண்டாக்குபவை. பார்க்க அசிங்கமாக இருக்கும், வளர்ந்த மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. கொழுகொழுவென்று இருக்கும் அடுத்த மரத்திலும் அதே முடிச்சுகள். அதனால் மருந்து யோசனையை விட்டேன். பட்டையில் ஏறியிருந்த கரையான் மண்ணையும் சுரண்டிப் பார்த்தேன். அது காய்ந்த மேல்பட்டையைத்தான் தின்றுகொண்டிருந்தது.

ஏப்ரல்

புதிய இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தது. பழைய இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு, புது இலை இப்படி ஆனால் இரும்புச்சத்து. இரும்பு மண்ணில் இல்லாமல் போவது அரிது. சுண்ணாம்பு அதிகமான மண்ணில் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. பேவர் பிளாக் இடுக்கில் கொஞ்சம் மண்ணைக் கிளறி எடுத்து வினிகர் விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. சிமென்ட் கட்டியும் செங்கல் தூளும் கலந்த மண். போதாதற்கு இஸ்திரிக் கரிச் சாம்பலும் அங்கேயே கொட்டப்படுகிறது. “செடிக்குச் சாம்பல் நல்லதுன்னுதானே சொல்வாங்க?” என்றார் அண்ணன். புளிப்பு மண்ணுக்கு நல்லது அண்ணே, இதுக்கு வேண்டாம் என்றேன். இப்போது சாம்பலைச் சாக்கில் கட்டி எடுத்துப் போகிறார்.

ஆனால் இலை மஞ்சள் மட்டும் உச்சி காய்வதை விளக்கவில்லை. எனக்கு உறுத்தியது அடிமரம். எந்த மரமும் தரையைத் தொடும் இடத்தில் வேர்கள் பிரியத் தொடங்கி அகன்றிருக்க வேண்டும். மற்ற மூன்றிலும் அந்த அகலம் தெரிகிறது. இது விளக்குக் கம்பம் போல நேராகத் தரைக்குள் போகிறது. தெருப் பக்கம் தட்டையாகவே இருந்தது. இலை காய்ந்த பக்கமும் அதுதான்!

ஜூன்

வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் பேவர் பிளாக்கைப் பெயர்த்தேன். இந்த ஒரு மீட்டர் நானாகச் சொன்னது இல்லை. டெல்லி மரங்களின் அடியைச் சுற்றி அவ்வளவு தூரத்துக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அங்கே பைக் நிறுத்தும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னதும் முணுமுணுப்போடு வண்டியை நகர்த்தினார்.

தோண்டும்போது கடப்பாரையை மரத்துக்கு அருகில் கொண்டுபோகவில்லை. களைக்கொத்தி, மூங்கில் குச்சி, பழைய பெயின்ட் பிரஷ், அப்புறம் ஹோஸ் தண்ணீர். மேல் மண்ணில் மயிர் போன்ற வேர்கள் மட்டும். மூச்சுவிட வழியில்லாத அடிமரம் தானாக விட்டவை. முதல் பெரிய வேர் ஒரு ஜாணுக்கும் கீழேதான் தட்டுப்பட்டது. நடும்போதே ஆழம், அதன்மேல் நடைபாதையை இரண்டு முறை உயர்த்திவிட்டார்கள். ஈரக் களிமண்ணில் புளித்த நாற்றம், புதைந்த பட்டை ஒரு பக்கம் ஊறிக் கறுத்திருந்தது.

இன்னும் கொஞ்சம் இறங்கியதும் கறுப்பு பாலிதீன். நர்சரிக் கவரைப் பக்கவாட்டில் ஒரு கீறு கீறிவிட்டு அப்படியே குழிக்குள் இறக்கியிருக்கிறார்கள். கவருக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களில் ஒன்று, கட்டைவிரலை விடத் தடிமன், தெருப் பக்கம் அடிமரத்தை இறுக்கிப் பிடித்து உள்ளே பதிந்திருந்தது. மரமும் பருக்கிறது, வேரும் பருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று நெரிக்கின்றன. இலை தயாரிக்கும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அந்த வழி அடைபட்டால் அந்தப் பக்க வேர் பட்டினி, வேர் நொடித்தால் தண்ணீருக்கு மிகத் தொலைவில் இருக்கும் உச்சி முதலில் காயும். நட்டவுடன் இது தெரியாது. வருடங்கள் கழித்துத்தான் வெளியே வரும், அதற்குள் நட்டவர்கள் வேறு எங்கோ நட்டுக்கொண்டிருப்பார்கள்.

மெல்லிய சுற்று வேர்களைக் கத்தரியால் வெட்டினேன். எட்டிய வரை கவரைக் கிழித்து எடுத்தேன். பெரிய வேரைத் தொடவில்லை. பருவமழைக்கு முன்னால் அதை வெட்டினால் புயல் காற்றில் பிடிமானம் குறையும். தோண்டிய இடத்தை மூடாமல், வேர் பிரியும் மட்டம்வரை அகலமான கிண்ணமாக விட்டு, தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டினேன். சற்றுத் தள்ளிக் கடப்பாரையால் துளைகள் போட்டு மட்கிய இலை உரத்தை நிரப்பினேன். யூரியா போடச் சொன்னார்கள், போடவில்லை. பாதி வேரோடு இருக்கும் மரத்தை வளரச் சொல்லி விரட்டுவதில் அர்த்தமில்லை.

ஆகஸ்ட்

கறுத்த பட்டை உலர்ந்திருக்கிறது. சுரண்டினால் தெருப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு, அதன் ஓரங்களில் பச்சை. நடு உயரத்துக் கிளைகளில் வந்த இலைகள் மார்ச்சைவிடப் பெரியவை. உச்சி அப்படியே. பிழைக்குமா என்று கேட்டால் பாதிக்குப் பாதி என்பேன்.

பெரிய வேரைப் பொங்கலுக்கு அப்புறம் உளியால் வெட்ட வேண்டும். மரத்துக்குள் பதிந்த துண்டைப் பிடுங்காமல், இரண்டு முனையிலும் துண்டித்து விட்டுவிடலாம். அதற்கு முன் உச்சியில் காய்ந்த கிளைகளை வெட்டித் தரச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறேன். முறிந்தால் நேராக இஸ்திரி வண்டி மேலேதான் விழும் என்பதால் மழை தொடங்கியதும் வண்டியை இரண்டாவது மரத்தடிக்கு நகர்த்த அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார்.