ஒரு சொட்டும் கீழே விழவில்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது

டீசல் காரில் கூலன்ட் குறைகிறது, வண்டிக்கு அடியில் ஈரமே இல்லை என்றால் பல பட்டறைகளில் உடனே வரும் தீர்ப்பு, "ஹெட் கேஸ்கெட் போச்சு சார்." எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு அது. போயிருக்கலாம்தான். ஆனால் ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை.

முதலில் அளவு. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி, கூலன்ட் டேங்க் மேல் மார்க்கரால் கோடு போட்டு கிலோமீட்டரை எழுதி வையுங்கள். சூடானால் கூலன்ட் விரியும். சாயங்காலம் பார்த்த அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது மூடி. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் ஆவியாகவே வெளியேறும். கழுத்தைச் சுற்றிக் காய்ந்த பிசுக்கு படிந்திருந்தால் மூடியை மாற்றிவிட்டு மறுபடி கோட்டைப் பாருங்கள்.

பிறகு பிரஷர் டெஸ்டர், அதாவது டேங்க் வாயில் மாட்டும், அழுத்தம் காட்டும் முள் வைத்த கைப்பம்ப். ஆறிய எஞ்சினில், மூடியில் அச்சிட்ட அளவுக்கு மேல் போகாமல் (பல கார்களில் 1.1 முதல் 1.4 பார்) பம்ப் செய்து 20 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் டார்ச் அடித்து ஹோஸ் கிளிப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால் உள்ள சிறு கசிவுத் துளை மூன்றையும் பாருங்கள். துளையிலிருந்து இறங்கிய காய்ந்த கோடு இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. சென்னையில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று ஹீட்டர் கோரை (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) விட்டுவிடாதீர்கள். பல கார்களில் அதற்குள் கூலன்ட் எப்போதும் ஓடும். கோர் கசிந்திருந்தால், முன்சீட்டுக் காலடி விரிப்பைத் தூக்கித் தொடும்போது பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருக்கும். ஏசி தண்ணீருக்கு இரண்டும் கிடையாது.

வெளியே எங்குமே ஈரமில்லை, முள் மட்டும் இறங்குகிறதா? டீசலில் அதிகம் தவறவிடுவது இ.ஜி.ஆர். கூலர். எஞ்சினுக்கே திரும்பிப் போகும் சூடான புகையைக் கூலன்ட் குளிரவைக்கும் பெட்டி அது. உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு போய்விடும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். கூலரின் புகைக் குழாயைக் கழற்றினால் உள்ளே கரி படிந்து கறுப்பாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்றோ வெள்ளைப் பொருக்காகவோ இருந்தால் சந்தேகம் உறுதி. கூலரைக் கழற்றி, கூலன்ட் வழிகளில் ஒன்றை அடைத்து, சுடுதண்ணீர் வாளியில் முக்கி, மற்றதன் வழியாகக் காற்றைக் கொடுங்கள். பச்சைத் தண்ணீரில் வராத குமிழி அதில் வரும், ஏனென்றால் சில விரிசல்கள் சூட்டில்தான் விரியும்.

ஹெட் கேஸ்கெட்டின் அடையாளம் வேறு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாகும், டேங்க்கில் குமிழி ஓயாமல் வரும். டேங்க்கில் கரியமில வாயு இருந்தால் நிறம் மாறும் திரவச் சோதனை டீசலில் ஐடிலில் ஏமாற்றும். அப்போது புகையில் கரியமில வாயு குறைவு. ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் நிறம் மாறியது என்று ஹெட்டில் கை வைக்காதீர்கள், இ.ஜி.ஆர். கூலர் விரிசல் வழியாகவும் அந்த வாயு நுழையலாம்.

காலையில் செல்ஃப் அடித்தால் "டக்" என்று நின்றுவிட்டால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டரில் கூலன்ட் தேங்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

மணலி, எண்ணூர், மீஞ்சூர் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அவசரத்துக்கு அதை ஊற்றினால் அலுமினியம் அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரில் சரிபாதி கலந்த கூலன்ட், அதுவும் மேனுவல் சொல்லும் வகை மட்டும்.