உள்ளடுக்குத் தரவைப் படிக்கும்படி அச்சிடுதல்: மழைப் பதிவில் செய்து பார்த்த அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மழை அளவையும் அணை நீர்மட்டத்தையும் நாள்வாரியாகச் சேர்த்து வைக்கும் பைதான் நிரல் ஒன்றை ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறேன். கும்பப்பூ எனப்படும் இரண்டாம் போக நெல்லை நம்பியிருக்கும் ஊர்களில், 48 அடி கொள்ளளவுள்ள பேச்சிப்பாறையிலும் 77 அடி பெருஞ்சாணியிலும் இன்று எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை நாள்தோறும் விசாரிப்பார்கள். தரவு அடுக்கடுக்காக அமைந்துள்ளது: தேதிக்குள் மழை, அணை என இரண்டு டிக்ஷனரிகள் (ஒவ்வொரு மதிப்பையும் ‘சாவி’ என்ற ஒரு பெயரின் கீழ் வைக்கும் தொகுப்புகள்), மழைக்குள் கொட்டாரம், மயிலாடி, களியல், கன்னிமார் போன்ற நிலையங்கள், அணைக்குள் ஒவ்வோர் அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம்.

ஒரு நாளின் சராசரி மழை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்ததால், தரவு முழுவதையும் கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று. வெறும் பிரிண்ட் கட்டளை எல்லாவற்றையும் ஒரே நீண்ட வரியாகக் கொட்டியது. எந்த அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று தேடுவதிலேயே கவனம் சிதறியது. தரவை உரை வடிவில் எழுதித் தரும் ஜேசன் தொகுதியின் டம்ப்ஸ் கட்டளை, உள்தள்ளலோடு அழகாக அச்சிட்டது. ஆனால் அதன் இயல்பு அமைப்பில் ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதியில் அல்லாத எழுத்தெல்லாம் தப்பிப்புக் குறியீடாக, அதாவது அதன் யூனிகோடு எண்ணைக் காட்டும் குறித்தொடராக, மாறிவிடும். ‘கொட்டாரம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் 54 குறிகள் நீளத்திற்கு வந்து நின்றது. அந்த அமைப்பை அணைத்ததும் தமிழ் தமிழாகவே தெரிந்தது. தேதிப் பொருள்களை ஜேசன் ஏற்காது என்பதால் அவற்றைச் சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றும்படியும் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து, தரவை அழகாக அச்சிடுவதற்கென்றே பைதானோடு வரும் பிபிரிண்ட். 80 குறி அகலத்திற்குள் அடங்குவதை ஒரே வரியில் வைத்து, அடங்காததை மட்டும் உடைப்பதால் பக்கம் வீணாக நீளவில்லை. ஆனால் அது சாவிகளை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அந்த வரிசை யூனிகோடு எண்ணின் வரிசை. அதில் ‘ன’ 2985, ‘ள’ 2995 என்பதால் கன்னிமார் முன்னும் களியல் பின்னுமாக வந்தன. தமிழ் அகரவரிசையில் களியல்தான் முன்னே வர வேண்டும். பைதான் 3.8 முதல் இந்த வரிசைப்படுத்தலை நிறுத்திவிடலாம். தரவை உள்ளிட்ட வரிசையிலேயே பார்ப்பது பிழை தேடுபவருக்கு அதிகம் பயன்படுகிறது என்பது என் கருத்து.

அப்படி உள்ளிட்ட வரிசையில் பார்த்தபோது, ஒரே தேதிக்குள் ‘கொட்டாரம்’ இரண்டு முறை இருந்தது. ஒரு டிக்ஷனரியில் ஒரு சாவி இரண்டு முறை இருக்க முடியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரியவில்லை. நீளத்தைக் கேட்டபோது ஒன்றுக்கு 9, மற்றதற்கு 10 என்று விடை வந்தது. ‘கொ’வின் உயிர்க்குறி ஒன்றில் 3018 என்ற ஒற்றைக் குறியீடாகவும், மற்றதில் ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என இரண்டாகவும் பதிவாகியிருந்தது. யூனிகோடு இவ்விரண்டையும் ஈடானவையாகவே கருதுகிறது. திரையிலும் இரண்டும் ஒன்றே. பைதானுக்கு மட்டும் அவை வெவ்வேறு சரங்கள். ஒரு பதிவு தட்டச்சு செய்தது, மற்றது கோப்பிலிருந்து நகலெடுத்தது. நிலையங்களின் எண்ணிக்கை ஒன்று கூடியதால் சராசரி இறங்கியிருந்தது.

படிக்க எளிதாக இருக்கட்டும் என்று நான் அணைத்து வைத்த தப்பிப்புக் குறியீடுதான் இந்த வேறுபாட்டை நேராகக் காட்டியிருக்கும் என்பது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. கண்ணுக்கு இதமான வடிவமும் பிழையைக் காட்டும் வடிவமும் தமிழ்ச் சாவிகள் உள்ள தரவில் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்துத் தரும் சிறு தற்சுழல் (தன்னையே மீண்டும் அழைக்கும்) செயற்கூறு ஒன்றை எழுதினேன். அது ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு இடம் உள்தள்ளுகிறது. சரங்களை மட்டும் மேற்கோள் குறியோடு அச்சிடுவதால் 71.5 என்ற எண்ணும் ‘71.5’ என்ற சரமும் வேறுபட்டுத் தெரிகின்றன. பெருஞ்சாணியின் நீர்மட்டம் சில நாள்களில் சரமாக இருந்ததை இது முதல் ஓட்டத்திலேயே காட்டியது. சாவி ஒன்று யூனிகோடின் இயல்பாக்கிய வடிவத்திலிருந்து (ஈடான பதிவுகளை ஒரே விதமாக ஆக்கிய வடிவத்திலிருந்து) மாறுபட்டால், அதன் அருகில் ஒரு நட்சத்திரக் குறியும் எழுத்துகளின் எண் வரிசையும் வரும். நீண்ட லிஸ்டுகளில் முதல் சில உறுப்புகளும் மொத்த எண்ணிக்கையும் மட்டும் வரும்.

அச்சிடும்போதே சாவிகளை இயல்பாக்கிவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதை நான் ஏற்கவில்லை. இயல்பாக்க வேண்டிய இடம் தரவு உள்ளே நுழையும் வாசல். இப்போது அங்கே அதைச் செய்கிறேன். காட்டும் கருவி, நினைவகத்தில் இருப்பதை இருக்கிறபடியே காட்ட வேண்டும்.

தன்னையே சுட்டும் டிக்ஷனரியை என் செயற்கூறு இன்னும் கையாளவில்லை. பிபிரிண்ட் அத்தகைய இடத்தில் சுழற்சி என்று குறித்துவிட்டு நிற்கிறது. ஏற்கெனவே இறங்கிய பொருள்களின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு அதைப் போலவே செய்வது அடுத்த வேலை. அதன் பிறகு, இரண்டு நாள்களின் தரவை அருகருகே வைத்து, மாறிய கிளைகளை மட்டும் விரித்துக் காட்டும்படி செய்ய எண்ணியிருக்கிறேன்.