மூன்று வரியும் எட்டு வரியும்

என்னோடு நிரல் எழுதும் அந்தத் தம்பி எழுதியதில், வெளியாள் தட்டும் எழுத்து தரவுத்தளத்துக்குக் கட்டளையாகிவிடும் ஓட்டை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததை மட்டும் கேட்டால் ஓட்டை இருந்தது போலத் தோன்றும்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரிக்கான பில் மென்பொருள். நிலுவைப் பட்டியலில் டிக் செய்த பில்களை மட்டும் அச்சிட வேண்டும். எத்தனை டிக் விழும் என்று முன்கூட்டித் தெரியாது. தரவுத்தளத்திடம் கேட்கும் க்வெரியில் மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்து அனுப்பி, மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் முறைதான் பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட். அது இங்கேதான் முரண்டு பிடிக்கும். ஒரு கேள்விக்குறி ஒரு மதிப்புக்குத்தான் இடம் கொடுக்கும். 'இவற்றில் ஏதாவது ஒன்று' என்று கேட்கும் ஐஎன் அடைப்புக்குறிக்குள் ஒற்றைக் கேள்விக்குறி வைத்து '12,15,19' என்று கொடுத்தால், தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் அதை ஒரே எழுத்துச் சரமாக எடுத்துக்கொண்டு 12-ஆம் பில்லை மட்டும் நீட்டும். பிழைச் செய்திகூட வராது.

தம்பி வந்த மதிப்புகளையெல்லாம் இன்ட்வால் கொண்டு எண்ணாக்கி, காற்புள்ளியால் கோத்து, க்வெரிக்குள் நேராகச் சேர்த்திருந்தான். ஒன்றையுமே டிக் செய்யாவிட்டால் அடைப்புக்குறி காலியாகிப் பிழை வரும் என்று அதற்கும் தடுப்பு வைத்திருந்தான். மொத்தம் மூன்று வரி. அன்று மாலையே கொடுத்தாக வேண்டிய வேலை.

நான் திருப்பி அனுப்பினேன். மதிப்புகள் எத்தனையோ அத்தனை கேள்விக்குறிகளை உண்டாக்கு, மதிப்பு முழு எண் என்று சொல்லும் 'ஐ' எழுத்துகளையும் அதே அளவு உண்டாக்கி, மதிப்புகளைக் கேள்விக்குறிகளோடு இணை, அதாவது பைண்ட் செய் என்றேன். வியாபாரியின் சர்வரில் இருப்பது பிஎச்பி மொழியின் பழைய பதிப்பு. மதிப்புகளின் வரிசையை அப்படியே, க்வெரியை ஓட்டும் எக்ஸிகியூட்டிடம் கொடுத்துவிடும் வசதி, மைஎஸ்க்யூஎல்லோடு பேச பிஎச்பி வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல்ஐக்கு 8.1 பதிப்பில்தான் வந்தது. ஆகவே மூன்று வரி எட்டு வரியாகும்.

"கேள்விக்குறிகளை நீங்களும் ஒட்டித்தானே அண்ணா போடச் சொல்கிறீர்கள்?"

"ஒட்டுவது வெறும் கேள்விக்குறி. வெளியாள் தட்டிய எழுத்து அதில் ஒன்றுகூட இல்லை."

"என்னுடையதிலும் எண்ணைத் தவிர ஒன்றும் இல்லையே?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. க்வெரியின் உருவத்தை முதலில் படித்து முடித்த பிறகே மதிப்புகள் போய்ச் சேர்கின்றன. அதனால் மதிப்புக்குள் எதை எழுதினாலும் அது கட்டளையாக மாறாது. பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்டின் பலம் அதுதான். ஆனால் இன்ட்வாலைத் தாண்டி வந்த எண்ணும் கட்டளையாக மாறாதே! போதாக்குறைக்கு, எண்ணிக்கை மாறும்போதெல்லாம் க்வெரியும் புதிது என்பதால், ஒருமுறை தயாரித்துப் பலமுறை ஓட்டும் லாபமும் பெரிதாக இல்லை. அவன் அத்தோடு விடவில்லை. வரிசைப்படுத்தும் (ஆர்டர் பை) அட்டவணைப் பத்தியின் பெயரைக் கேள்விக்குறியில் கொடுக்க முடியாது என்பதால், அனுமதித்த பெயர்களோடு ஒப்பிட்டு நேராக ஒட்டியிருக்கும் வரியைத் திறந்து காட்டினான். அது நான் எழுதியது.

என் காரணம் வேறு. அந்த மூன்று வரியை அடுத்தவர் எடுத்துப் பெயர் தேடும் திரையில் ஒட்டுவார். பெயருக்கு இன்ட்வால் உதவாது என்று அதை எடுத்துவிடுவார். கடற்கரை ஊர்களில் டி'குரூஸ் என்ற பெயர் அதிசயமில்லை. க்வெரியில் பெயரைச் சுற்றிப் போடுவதும் அதே குறிதான் என்பதால் அந்த ஒற்றை மேற்கோள்குறியிலேயே சரம் முடிந்துவிடும், மீதிப் பெயர் க்வெரியில் தொங்கும். நல்லவர் தட்டினால் பிழைச் செய்தி, கெட்டவர் தட்டினால் அந்த மீதியே கட்டளை. 1998-இலேயே ஃப்ராக் என்ற ஹேக்கர் இதழில் வெளியான வித்தை. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன்.

"நாளைக்கு யாரோ செய்யப்போகும் தப்புக்கு இன்றைக்கு நான் ஏன் அண்ணா உட்கார வேண்டும்?"

கேட்டுவிட்டு உட்கார்ந்து மாற்றினான். வேலை முடிந்தபோது இருட்டிவிட்டது. அவனுக்குக் கடலூருக்குப் பஸ் பிடிக்க வேண்டும், எனக்கு முத்தியால்பேட்டை.

பல பேர் கை வைக்கும் நிரலில் ஒவ்வொரு இடத்திலும் 'இது எண்தானா' என்று யோசிப்பதைவிட, யோசிக்கவே தேவையில்லாத வழக்கம் மேல் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் அவன் யோசித்தவன். காலி அடைப்புக்குறிவரை யோசித்தவன். யோசிக்காதவர்களுக்காகப் போட்ட விதியை யோசித்தவன்மேல் சுமத்தியது எந்த வகை நியாயம்? விதிக்கு விலக்குக் கொடுக்க ஆரம்பித்தால் எல்லாருமே தங்களை யோசித்தவர்களாகத்தான் நினைத்துக்கொள்வார்கள் என்று உடனே பதிலும் வருகிறது. எனக்கு மட்டும் அந்த ஆர்டர் பை வரியில் விலக்கு உண்டாம். வேறு வழியில்லை என்பதால்.

இப்போது அவன் எல்லா இடத்திலும் கேள்விக்குறிதான் போடுகிறான், ஒரு வார்த்தை கேட்பதில்லை. மனதார ஒப்புக்கொண்டானா, இந்த ஆளோடு வாதாடிப் பஸ்ஸை விடுவதைவிட எழுதிவிட்டுப் போவது மேல் என்று முடிவு செய்துவிட்டானா, தெரியவில்லை. அவன் வயதில் நானாக இருந்தால் இரண்டாவதுதான்.