ஏ/எல்ல இருக்கிற அந்தக் கோடு: மரண சகாய நிதி டெம்ப்ளேட் ஒருவழியா ஓடுது

மூணு வாரமா இழுத்தடிச்ச டெம்ப்ளேட், அதாவது யாராவது காசு கட்டினா தானா பேர ஷீட்ல ஏத்தி ரசீது அனுப்புற அமைப்பு, நேத்து ராத்திரி ஓடிடுச்சு! அத்தை எஃப்பிஎக்ஸ்ல (மலேசியாவுல பேங்க் கணக்குல இருந்து ஆன்லைன்ல கட்டுற முறை) 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டினாங்க, போன கீழ வைக்கிறதுக்குள்ள ஷீட்ல பேரு ஏறி ரசீது வாட்ஸ்அப்புக்குப் போயிடுச்சு. சுங்கை சிப்புட்ல எங்க பழைய தோட்டத்து ஆளுங்க சேர்ந்து நடத்துற மரண சகாய நிதி இது, ஒரு வீட்ல சாவு விழுந்தா அன்னிக்கே காசு கைக்குப் போகணும், யாரு கட்டினாங்க யாரு கட்டலன்னு அப்ப நின்னு தேடிக்கிட்டு இருக்க முடியாது.

டெம்ப்ளேட் புதுசு இல்ல. தங்கச்சியோட கேக் ஆர்டருக்கு ஸ்ட்ரைப் (ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற சேவை) வச்சு என்8என்ல (வேலைகள தானா ஓட வைக்கிற மென்பொருள், ஒவ்வொரு படியும் ஒரு நோட்) போட்டது, மேல ஒரே ஒரு செட் நோட், அதுல பேரு, தொகை, ஷீட், ரசீது வாசகம் இத மட்டும் மாத்தினா வேற இடத்துக்கும் ஆகும்னு நெனச்சு செஞ்சேன். ஜேசன் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணினா கிரெடென்ஷியலோட (சேமிச்சு வச்ச லாகின், கீ) பேரும் ஐடியும்தான் போகும், உள்ள இருக்கிற ரகசியம் போகாது. ஆனா சீக்ரெட் கீய கோட் நோட்லயோ செட் நோட்லயோ நேரா எழுதி வச்சிருந்தா அது அப்படியே கூடப் போயிடும், டெம்ப்ளேட்ட யாருக்காவது குடுக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா தேடிப் பாத்துடுங்க.

இப்ப சிக்கினது எங்கன்னா சிக்னேச்சர் சரிபாக்கிற இடம், அதாவது காசு வந்த தகவல நெஜமாவே காசு வாங்கித் தர்ற கம்பெனிதான் அனுப்புச்சான்னு பாக்கிறது. ஸ்ட்ரைப்புக்குன்னா, வந்த பாடிய (உள்ள இருக்கிற தகவல) ஒரு எழுத்து கூட மாறாம அப்படியே எடுத்து ஹெச்மேக் (ரகசியக் கீ வச்சுப் போடுற முத்திரை) போடணும், அதனால தகவல வாங்கிக்கிற வெப்ஹூக் நோட்ல ரா பாடிய ஆன் பண்ணி வச்சிருந்தேன். நிதிக்கு எடுத்த லோக்கல் கேட்வே (ஸ்ட்ரைப் மாதிரி காசு வாங்கித் தர்ற சேவை) முறை வேற, அது ஃபார்மா அனுப்பும், ஒவ்வொரு ஃபீல்டோட பேரையும் மதிப்பையும் ஒட்டி, அகர வரிசையில அடுக்கி, நடுவுல நிமிர்ந்த கோடு போட்டு சேத்து, அதுக்கு மேலதான் ஹெச்மேக். நான் பழைய ரா பாடியையே வெட்டி வெட்டி அடுக்கினேன். என் டெஸ்ட்டு அஞ்சும் பாஸ். நெஜ ஆளுங்க கட்ட ஆரம்பிச்சதும் ஒண்ணு கூட பாஸ் ஆகல, பொருளாளர் அக்கா போன் பண்ணி "தம்பி, காசு பேங்க்ல இருக்கு, பேரு ஒண்ணையும் காணோமே"ன்னு கேக்குறாங்க.

ரெண்டு ராத்திரி முழிச்சுப் பாத்தப்பதான் வெளங்குச்சு. நம்ம ஆளுங்க பேர்ல ஏ/எல் (இன்னாரோட மகன்), ஏ/பி (மகள்) இருக்கு இல்லயா, அந்தச் சாய்வுக் கோடு ஃபார்ம்ல வர்றப்ப %2எஃப்னு மாறி வருது. டீகோட் (மாறி வந்தத பழையபடி ஆக்குறது) போட்டேன், கோடு சரியாச்சு, இன்னும் ஃபெயில். ஏன்னா பேருக்கு நடுவுல இருக்கிற இடைவெளி பிளஸ் குறியா வருது, சாதா டீகோட் அதத் தொடாது. சரின்னு டீகோட் பண்ணிட்டு பிளஸ்ஸ எல்லாம் இடைவெளியா மாத்தினேன், அதுக்கப்புறமும் ஃபெயில்! இந்தத் தடவ போன் நம்பர். +60ல இருக்கிற பிளஸ் %2பின்னு வந்து, டீகோட் ஆகி நெஜ பிளஸ் ஆகுது, அதையும் சேத்து நான் அழிச்சுட்டேன். முதல்ல பிளஸ்ஸ இடைவெளியாக்கணும், அப்புறம்தான் டீகோட். இந்த ஒரு வரிசைதான் மூணு வாரத்தத் தின்னுச்சு. என் டெஸ்ட்ல பேரு ஒத்தச் சொல்லு, போன் நம்பரே போடல, பின்ன எப்படி மாட்டும்.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடிஞ்சது. தொகைய சென் கணக்குலதான் குடுக்கணும், 10 வெள்ளின்னா 1000. கால்பேக் (காசு கட்டியாச்சுன்னு கேட்வே அனுப்புற தகவல்) ரெண்டு தடவ வரும்னு வச்சுதான் எழுதணும், அதனால பில் ஐடி ஷீட்ல ஏற்கெனவே இருந்தா அங்கயே நிறுத்திடும். டைம்ஸோன மறந்துடாதீங்க, என்8என் சும்மா விட்டா நியூயார்க் நேரத்துக்குத்தான் ஓடும், காலைல 8 மணிக்குன்னு வச்ச ரிமைண்டர் ராத்திரி 8 மணிக்குப் போச்சு.

எல்லாம் ஓடுறது ஈப்போவுல பழைய சாமான் கடைல வாங்கின மினி பிசில. ரேம் கூடுதலா போட்டுக் குடுத்தாரு கடைக்காரரு, நல்ல மனுஷன், ஆனா சாயந்தர மழைக்கு இங்க கரண்ட் ட்ரிப் ஆகுது, அதுக்கு ஒரு யூபிஎஸ் பாக்கணும். கரண்ட் இல்லாத நேரத்துல வர்ற கால்பேக் தவறிட்டா என்ன பண்றதுன்னு, ராத்திரி 11 மணிக்கு கட்டாத பில்ல எல்லாம் கேட்வேகிட்ட கேட்டுப் பாக்கிற தனி வொர்க்ஃப்ளோ ஒண்ணு பாதில நிக்குது.

சின்ன ரசீது பிரிண்டரும் வாங்கப் போறேன். வாட்ஸ்அப்ல வந்தா போதாது பெரியவங்களுக்கு, கைல தாள் வேணும், அது நியாயமும்தான். 1960ல எங்க ஊர்க்காரர் துன் சம்பந்தன் ஆரம்பிச்ச தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு தாத்தா கட்டின ரசீத அம்மா இன்னும் மைலோ டின்னுக்குள்ள வச்சிருக்காங்க, மை மங்கினாலும் அவரு பேரு படிக்க வருது. தெர்மல் தாள்ல எழுத்து அவ்வளவு நாள் நிக்காது, அதனால தாள்ல மை ஏறுற மாதிரி பழைய டாட் மேட்ரிக்ஸ் கிடைக்குமான்னு அதே கடைல சொல்லி வச்சிருக்கேன்.

அடுத்து கோயில் உபயம். செட் நோட் மாத்தியாச்சு. உபயக்காரங்க சில பேரு 'முனியம்மா & பிள்ளைகள்'னு போடுவாங்க, ஃபார்ம்ல ஃபீல்டுகளப் பிரிக்கிறதும் & குறிதான், அதனால பேர்ல இருக்கிறது %26ஆ வரும், ஃபீல்ட வெட்டினதுக்கு அப்புறம் டீகோட் பண்ணினா ஒண்ணும் ஆகாது, முன்னாடியே பண்ணினா பேரு ரெண்டா உடைஞ்சுடும். டெஸ்ட் பேரு லிஸ்ட்ல அதையும் சேத்துட்டுதான் வெள்ளிக்கிழமை கோயில்ல கியூஆர் ஒட்டுவேன்.